கரும்புச் சக்கையில் ஒலி உறிஞ்சும் பலகை: நுரையீரலைக் காத்துக்கொண்டு ஆய்வது எப்படி

வேலூர் வட்டாரத்து ஆலைக்கொட்டகைகளில் வெல்லக் கொப்பரைக்கு அடியில் எரிந்துபோகும் கரும்புச் சக்கை, நல்ல ஒலி உறிஞ்சியாகும். நாருக்கு நார் இருக்கும் இடுக்குகளில் ஒலியலை நுழைந்து, காற்று உராய்ந்து, வெப்பமாக மாறி அடங்குகிறது. அதே இடுக்குகளில்தான் ஈரமும் பூஞ்சையும் தங்கும் என்பதை இந்தப் பொருளை எடுத்து ஆய்வு செய்யும் மாணவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். அமெரிக்காவின் லூசியானாவில் 1920களில் செலோடெக்ஸ் என்னும் பெயரில் சக்கைப் பலகைகள் செய்யப்பட்டன. சக்கைத் தூசியால் வரும் பகாசோசிஸ் என்ற நுரையீரல் நோயை ஜேமிசன், ஹாப்கின்ஸ் ஆகிய மருத்துவர்கள் 1941இல் விவரித்ததும் அதே மாநிலத்து நியூ ஆர்லியன்ஸில்தான்.

எனவே அன்று பிழிந்த சக்கையையே வாங்குங்கள். குவித்து வைத்த ஈரச் சக்கை தானே சூடேறி, வெப்பத்தை விரும்பும் ஒருவகை நுண்ணுயிரிகளை வளர்க்கும்; பிறகு அதைக் காய வைத்தாலும் தூசியோடு அவை பறக்கும். சர்க்கரை போகும்வரை அலசி, மெல்லியதாகப் பரப்பி, ஒரே மூச்சில் உலர்த்த வேண்டும். நம் ஊர்க் கத்திரி வெயில் இதற்கென்றே வந்தது போலிருக்கும். ஐப்பசி அடைமழையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். நாரைப் பிரிக்கும்போது லேசாக நீர் தெளித்து, திறந்த வெளியில், என்95 முகக்கவசம் அணிந்து பிரியுங்கள். மைதாப் பசை பூஞ்சைக்கு உணவு. வேறு பசையும் மிகுந்தால் துளைகளை அடைத்துவிடும். ஆகையால் 5 செ.மீ. ஆழமுள்ள மரச்சட்டத்தில் நாரைத் தளர்வாக நிரப்பி, மெல்லிய பருத்தித் துணியால் மூடுவதே என் பரிந்துரை.

சுவரிலிருந்து கால் அலைநீளத் தொலைவில்தான் காற்று மிகுதியாக அசைந்து நாரில் உராயும்; 500 ஹெர்ட்ஸ் ஒலிக்கே அது ஏறத்தாழ 17 செ.மீ. என்பதால், சுவருக்கும் பலகைக்கும் இடையே 5 செ.மீ. காற்றிடைவெளி விட்டால் தாழ்ந்த ஒலிகளுக்கும் பயன் கூடும். (அடுத்த வீட்டுத் தறிச் சத்தத்தை இது தடுக்காது; அறைக்குள் எதிரொலிப்பதை மட்டுமே குறைக்கும்.) பலகை எவ்வளவு ஒலியை உறிஞ்சுகிறது என்று அளப்பதற்கு, ஒரு முனையில் ஒலிபெருக்கியும் மறுமுனையில் மாதிரியும் நடுவே இரண்டு மைக்குகளும் உள்ள குழாய் போதும். உள்விட்டம் 10 செ.மீ. என்றால் ஏறக்குறைய 2000 ஹெர்ட்ஸ் வரையே முடிவை நம்பலாம். மாதிரியின் ஓரத்தில் இடைவெளி இருந்தால் எண் பொய் சொல்லும்.

சக்கையைக் கையாண்ட 4 முதல் 8 மணி நேரத்திற்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் வந்தால் அது சாதாரணச் சளிக்காய்ச்சல் போலவே தோன்றும். மருத்துவரிடம் சக்கை வேலையைச் சொல்லாவிட்டால் அவரும் அப்படித்தான் நினைப்பார். எந்த நாள், எவ்வளவு நேரம், எந்தக் குவியல் என்று குறித்து வைத்துக் காட்டுங்கள். அந்தக் குவியலை மீண்டும் தொடாதீர்கள்.

மழைக்காலம் முடிந்ததும் துணியை அவிழ்த்துப் பாருங்கள். கரும்புள்ளியோ வெண்படலமோ தெரிந்தால், முகர்ந்து பார்க்காமல், நீர் தெளித்து மூட்டை கட்டி அப்புறப்படுத்துங்கள்.