ஒரே நெட், இரண்டு கம்ப்யூட்டர்: எங்கே கோட்டை விடுகிறோம்

அக்கா வீட்டு ஹாலில் ஒரு மேசைக் கம்ப்யூட்டர், உள்அறையில் அவள் மகனின் பழைய லேப்டாப். லேப்டாப்பின் வைஃபை செத்து இரண்டு வருடம் ஆகிறது. அதனால் போனை யுஎஸ்பி ஒயரில் மேசைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து நெட் எடுத்து, அங்கிருந்து லேன் கேபிள் இழுத்து லேப்டாப்புக்கும் பங்கு போட்டிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனிடமிருந்து போன். "மாமா, லேப்டாப்ல நெட் வரல. எல்லாம் பண்ணிப் பார்த்துட்டேன்."

அந்த 'எல்லாம்' என்ன என்று போய்ப் பார்த்தேன். வேண்டாத போக்குவரத்தைத் தடுக்கும் காவலான ஃபயர்வாலை அணைத்திருந்தான். ஏதோ வீடியோவைப் பார்த்து, வலையில் கம்ப்யூட்டரை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியைக் கையால் அடித்திருந்தான். மேசைக் கம்ப்யூட்டரில் இரண்டு இணைப்புகளையும் தேர்ந்தெடுத்து 'பிரிட்ஜ்' கொடுத்திருந்தான். ஆரம்பத்தில் இருந்த கோளாறு ஒன்றுதான். நான் போய்ச் சேர்ந்தபோது நான்கு. இந்த விஷயத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு இதுதான்: லேப்டாப் தன் நோயைத் தானே சொல்கிறது, அதைப் படிக்காமலே வைத்தியம் ஆரம்பிக்கிறோம்.

எங்கே சொல்கிறது? அதன் ஐபி முகவரியில். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று அடித்து, ஈதர்நெட் என்ற தலைப்பின் கீழ் ஐபிவி4 முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், லேப்டாப் முகவரி கேட்டுக் கேட்டு யாரும் பதில் சொல்லாமல், தனக்குத்தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அப்போது லேப்டாப்பில் நோண்டி ஒரு பயனும் இல்லை. கேபிளைப் பாருங்கள், பிறகு மேசைக் கம்ப்யூட்டரைப் பாருங்கள். 192.168.137 என்று தொடங்கினால் பங்கீடு வேலை செய்கிறது. சிக்கல் அதற்கு அப்பால் இருக்கிறது. இரண்டும் இல்லாமல் வேறு ஏதோ எண் என்றால், பெரும்பாலும் யாரோ கையால் அடித்தது.

அந்தக் கடைசி வகைதான் அக்கா வீட்டில் நடந்தது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் நெட்டைப் பங்கிடும் கம்ப்யூட்டர் 192.168.0.1 என்ற முகவரியை எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 7 முதல் அது 192.168.137.1 ஆகிவிட்டது. பழைய வழிகாட்டிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதால், பையன் 192.168.0.5 என்று போட்டு வைத்திருந்தான். வேறு தெருவின் கதவு எண்ணை எழுதிவிட்டுத் தபாலுக்குக் காத்திருப்பது போலத்தான் அது. முகவரி, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றுவது) இரண்டையும் 'ஆட்டோமேட்டிக்' என்றே விடுங்கள். பங்கிடும் கம்ப்யூட்டரே முகவரி கொடுக்கும், பெயர்களையும் அதுவே விசாரித்துச் சொல்லும்.

இப்போது மேசைக் கம்ப்யூட்டர். ரன் பெட்டியில் 'என்சிபிஏ டாட் சிபிஎல்' அடித்தால் எல்லா இணைப்புகளும் வரிசையாக வரும். நெட் எந்த இணைப்பு வழியாக உள்ளே வருகிறதோ, அதன் ப்ராப்பர்ட்டீஸில், ஷேரிங் என்ற பக்கத்தில்தான் டிக் போட வேண்டும். நிறையப் பேர் லேப்டாப்புக்குப் போகும் ஈதர்நெட்டில் போடுகிறார்கள். 'இதைத்தானே பகிர்கிறேன்' என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் டிக் போட்ட உடனே விண்டோஸ் எதிர்ப்பக்க இணைப்புக்கு 192.168.137.1 என்று முகவரி வைத்துவிடும். தலைகீழாகப் போட்டால் அந்த எண் நெட் வரும் பக்கத்துக்குப் போய், மேசைக் கம்ப்யூட்டரிலேயே நெட் நின்றுவிடும். 'ஷேரிங் போட்டதும் இருந்த நெட்டும் போச்சு' என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்க்கும் இடம் இதுதான். டிக்கை எடுத்த பிறகும் அந்த எண் அங்கேயே தங்கியிருக்கிறதா என்று பார்த்து, மறுபடி ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள்.

பிரிட்ஜ் என்பது இன்னொரு விஷயம். அது இரண்டு இணைப்புகளையும் ஒரே வலையாக ஒட்டிவிடும். அப்போது லேப்டாப்புக்கு முகவரி கொடுக்க வேண்டியது மேலே இருக்கும் போனோ ரூட்டரோதான். பகிர்வில் கொடுப்பது உங்கள் கம்ப்யூட்டர். இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பகிர்வுதான் வேண்டுமென்றால் பிரிட்ஜை முதலில் அழித்துவிடுங்கள்.

சரி, ஆரம்பக் கோளாறு என்ன? முந்தின நாள் ராத்திரி கரண்ட் போய் வந்திருக்கிறது. மேசைக் கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி ஏறியிருக்கிறது. ஷேரிங்கில் டிக் அப்படியே இருந்தது, ஆனால் உள்ளே பகிர்வு உயிரோடு இல்லை. விண்டோஸ் 10-இல் இது பலருக்கும் வரும் தொல்லை. பகிர்வின் வழியாக 4 நிமிடம் எந்தப் போக்குவரத்தும் இல்லையென்றால் அதை நடத்தும் சர்வீஸ் (பின்னணி நிரல்) தானே நின்றுவிடும். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தாலும் தானாக எழாது. டிக்கை எடுத்து ஓகே கொடுத்து, மறுபடி டிக் போட்டால் போதும், நெட் வந்துவிடும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் இரண்டு காரியம் செய்ய வேண்டும். சர்வீசஸ் பட்டியலில் 'இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங்' என்பதை ஆட்டோமேட்டிக் ஆக்க வேண்டும். விண்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின் பிரிவின் கீழ் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன், ஷேர்டுஆக்சஸ் என்று இறங்கி, 'எனேபிள்ரீபூட்பெர்சிஸ்ட்கனெக்‌ஷன்' என்ற பெயரில் டிவேர்ட் என்ற எண் வகைப் பதிவு ஒன்றை உருவாக்கி மதிப்பை 1 என்று வைக்க வேண்டும். பெயர் முழுக்க இடைவெளியில்லாமல் ஒரே சொல். ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கும் முன் பேக்கப் எடுக்காமல் இறங்காதீர்கள்.

போன் வழியாக நெட் எடுப்பவர்களுக்கு இன்னொன்று. ஒயரைக் கழற்றி வேறு யுஎஸ்பி துளையில் மாட்டினால், சில சமயம் விண்டோஸ் அதைப் புது இணைப்பாக எடுத்துக்கொண்டு 'ஈதர்நெட் 3' என்று பெயர் வைக்கும். உங்கள் டிக் பழைய பெயரிலேயே கிடக்கும். ஒரே துளையை வழக்கமாக வைத்துக்கொள்வது நல்லது. அப்படியும் பகிர்வு போயிருந்தால் எந்தப் பெயரில் டிக் இருக்கிறது என்று பாருங்கள்.

முகவரி சரியாக வந்தும் தளங்கள் திறக்கவில்லை என்றால் கமாண்ட் பிராம்ப்ட்டில் '8.8.8.8' என்ற கூகுள் சர்வரைப் பிங் செய்யுங்கள், அதாவது அது பதில் சொல்கிறதா என்று தட்டிப் பாருங்கள். பதில் வந்தால் பாதை திறந்திருக்கிறது, பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்தான் தடுமாறுகிறது. இங்கே ஒரு தவறான முடிவு எடுப்பவர்கள் உண்டு: லேப்டாப்பிலிருந்து மேசைக் கம்ப்யூட்டரைப் பிங் செய்து, பதில் வராததும் கேபிள் போச்சு என்று புதுக் கேபிள் வாங்கிவிடுவார்கள். விண்டோஸ் ஃபயர்வால் பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருப்பது சாதாரணம். கேபிளைச் சோதிக்க இரண்டு பக்கத்திலும் லேன் துளையின் சின்ன விளக்கு எரிகிறதா என்று குனிந்து பாருங்கள். இரண்டுமே மிகப் பழைய கம்ப்யூட்டர்களாக இருந்தால் மட்டும், உள் ஒயர்களை மாற்றிக் கோத்த கிராஸ்ஓவர் கேபிள் தேவைப்படலாம். கிகாபிட் லேன் வந்த பிறகு அந்தக் கவலை இல்லை.

ஃபயர்வாலை அணைத்துப் பார்ப்பது தப்பில்லை, அணைத்தபடியே விட்டுவிடுவதுதான் தப்பு. தனியாக ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் அதன் ஃபயர்வாலை இரண்டு நிமிடம் நிறுத்திச் சோதியுங்கள், உடனே திரும்பப் போடுங்கள். பையன் அணைத்ததை நான் போட்டேன். அவனுக்கு அது மறந்தே போயிருந்தது.

அடுத்த வாரம் மறுபடி போன். நெட் வருகிறது, ஆனால் மத்தியானத்துக்குள் அன்றைய 1.5 ஜிபி தீர்ந்துவிடுகிறதாம். காரணம் லேப்டாப்தான். ஒயரில் வரும் நெட் என்பதால் அளவில்லாதது என்று நினைத்து, விண்டோஸ் அப்டேட்டைப் பின்னால் இறக்கிக்கொண்டிருந்தது. மேசைக் கம்ப்யூட்டரில், டேட்டாவுக்கு அளவு உண்டு என்று சொல்லும் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' போட்டிருந்தோம், அது லேப்டாப்புக்குத் தெரியாது. லேப்டாப்பின் செட்டிங்ஸில், ஈதர்நெட் பக்கத்தில் தனியாகப் போட்டுக்கொடுத்தேன். அன்றைக்கு ராத்திரி படுக்கப் போகும்போதும் டேட்டா மிச்சம் இருந்தது என்றான்.