அமைதிப் பேச்சில் பெண்கள்: இடம் கிடைத்தும் காரியம் கெடுவது எப்படி?

"பெண்களுக்கென்று தனியாக ஒரு குழு அமைக்கிறோம்" என்று பேச்சுவார்த்தைத் தரப்புகள் சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். இலங்கையில் யுத்த நிறுத்தம் 2002 பெப்ரவரியில் கைச்சாத்தானது, பேச்சு செப்டெம்பரில் தொடங்கியது. பால்நிலை விவகாரங்களுக்கான உபகுழுவை அமைக்க இணங்கியதோ டிசெம்பரில், ஒஸ்லோ சுற்றில்தான். அரச தரப்பில் ஐந்து பெண்கள், புலிகள் தரப்பில் ஐந்து பெண்கள், நோர்வேயின் அனுசரணை. 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடினார்கள். ஏப்ரலில் புலிகள் பேச்சை இடைநிறுத்த, உபகுழுவும் அத்தோடு முடங்கிப்போனது. வந்தவர்கள் திறமையானவர்கள்தான். ஆனால் பிரதான பேச்சு மேசை சாய்ந்தால் சேர்ந்து சாயும்படியே குழு கட்டப்பட்டிருந்தது.

ஆகவே குழுவில் சேருமுன் நான்கை எழுத்தில் வாங்குங்கள்: பரிந்துரைக்குப் பிரதான மேசை எத்தனை நாளில் பதில் தரும், எந்த வரைவும் கையெழுத்தாகுமுன் குழுவின் பார்வைக்கு வருமா, பேச்சு நின்றாலும் குழு கூடலாமா, பயணம், மொழிபெயர்ப்பு, பிள்ளைப் பராமரிப்புச் செலவு யாருடையது. கடைசியானது அற்பமாகத் தெரியும். அது தீர்க்கப்படாததாலேயே கிராமத்துப் பெண்கள் வராமல், தலைநகரத்தவர்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

அதைவிடப் பெரிய பிழை, யுத்த நிறுத்த உடன்படிக்கையை "இராணுவ விஷயம்" என்று விட்டுவிடுவது. 2002 உடன்படிக்கையின் 2.1ஆம் சரத்து, பொதுமக்களுக்கு எதிரான செயல்களாகச் சித்திரவதை, மிரட்டல், ஆட்கடத்தல், கப்பம், தொந்தரவு ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பாலியல் வன்முறை அந்த வரிசையில் இல்லை. பெயர் இல்லாத குற்றத்துக்குக் யுத்த நிறுத்தக் கண்காணிப்பாளரின் முறைப்பாட்டுப் படிவத்தில் கட்டமும் இருக்காது. அது "தொந்தரவு" என்ற பொதுக் கணக்கில் கரைந்துவிடும். கொலம்பியாவில் அரசுக்கும் ஃபார்க் கிளர்ச்சியாளருக்கும் இடையிலான 2016 யுத்த நிறுத்த விதிகள், பால்நிலை அடிப்படையிலான வன்முறையைத் தனியாகச் சுட்டித் தடைசெய்தன. அங்கும் அது தானாக வரவில்லை. 2012இல் கியூபாவின் ஹவானாவில் பேச்சு தொடங்கியபோது முழு அதிகாரம் பெற்ற பேச்சாளர்களில் ஒரு பெண்கூட இல்லை. 2013 ஒக்டோபரில் பொகோட்டாவில் பெண்கள் மாநாடு கூடி நெருக்கிய பிறகே அரசு இரண்டு பெண்களை நியமித்தது. 2014இல் பால்நிலை உபகுழு வந்தது.

அடுத்தது, "பெண்களின் உரிமைகள் மதிக்கப்படும்" என்ற ஒற்றை வரியோடு திருப்திப்படுவது. யார், எப்போதைக்குள், எந்தப் பணத்தில் செய்வது என்று இல்லாத வரியை எந்த அலுவலகமும் தன் வேலையாக எடுக்காது. காணியைப் பாருங்கள். அரச காணியை அனுமதிப்பத்திரம் மூலம் வழங்கும் இலங்கையின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பின்னுரித்தாளர் பெயரிடப்படாவிட்டால் மூத்த மகனுக்கே முன்னுரிமை என்றிருந்தது. 2022இல்தான் அது திருத்தப்பட்டது. இப்படிப்பட்ட சட்டம் உள்ள எந்த நாட்டிலும் "மீள்குடியேற்றத்தில் சமத்துவம்" என்று எழுதிப் பயனில்லை. "அனுமதிப்பத்திரம் கணவன், மனைவி இருவர் பெயரிலும், காணாமலாக்கப்பட்டவரின் மனைவி மரணச் சான்றிதழ் இல்லாமலே விண்ணப்பிக்கலாம்" என்று எழுத வேண்டும்.

சரத்து கிடைத்தாலும் அதைக் கலைக்க முடியாதபடி பூட்ட வேண்டும். வட அயர்லாந்துப் பெண்கள் கூட்டணி என்ற கட்சி 1996 தேர்தலில் சுமார் ஒரு சதவீத வாக்கோடு மேசைக்குப் போய், சிவில் சமூகத்தினர் ஆலோசனை சொல்லும் சிவில் மன்றம் ஒன்றை 1998 அமைதி உடன்படிக்கையில் சேர்க்க வைத்தது. 2002இல் சட்டமன்றம் இடைநிறுத்தப்பட்டபோது மன்றமும் நின்றது. பின்னர் சட்டமன்றம் திரும்பியது, மன்றம் திரும்பவில்லை.