எச்சில் பரிசோதனையில் எங்கே தவறுகிறோம்?

பல் சொத்தை வரும் வாய்ப்பு எவ்வளவு என்று கணிக்கச் சில பல் டாக்டர்கள் எச்சில் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். எச்சில் ஊறும் அளவு, அதன் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்), அமிலத்தைச் சமாளிக்கும் திறன், சொத்தைக் கிருமிகளின் எண்ணிக்கை எல்லாம் அதில் தெரியும். பயனுள்ள சோதனைதான். ஆனால் எச்சிலைக் கொடுக்கும்போதே முடிவைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

காபி குடித்த கையோடு போய் உட்காராதீர்கள். சோதனைக்கு முன் ஒரு மணி நேரமாவது சாப்பிடுவது, பல் தேய்ப்பது, சிகரெட், பாக்கு எதுவும் கூடாது. கிருமி எண்ணிக்கையும் பார்ப்பதாக இருந்தால், மவுத்வாஷ் கொப்பளித்ததையும் அண்மையில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டுமே எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும்.

மெழுகுத் துண்டு ஒன்றைக் கொடுத்து, 5 நிமிடம் மென்றுகொண்டே ஊறுவதையெல்லாம் அளவுக்கோடு போட்ட கப்பில் துப்பச் சொல்வார்கள். பக்கத்தில் ஆள் இருக்கும் கூச்சத்தில் பலர் பாதியை விழுங்கிவிடுகிறார்கள். 5 மில்லி சேர வேண்டிய கப்பில் 3 மில்லிதான் நிற்கும். நிமிடத்துக்கு 1 மில்லி ஊறுகிற வாய்க்கு 0.6 என்று கணக்காகும், 0.7-க்குக் கீழே என்றாலே குறைவு என்று எழுதிவிடுவார்கள். மேலே நிற்கும் நுரையையும் சேர்த்து அளந்தாலோ, உண்மையான குறைவு மறைந்துபோகும்.

மெல்லாமல் எடுக்கும் முறையும் உண்டு. அதில் இயல்பான அளவே நிமிடத்துக்கு சுமார் 0.3 மில்லிதான், 0.1-க்குக் கீழே போனால்தான் கவலை. ஒரு முறையில் வந்த எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம். மறுபடி சோதிக்கும்போது அதே முறையில், அதே நேரத்தில் எடுங்கள். காலையில் ஊறும் அளவு வேறு, சாயங்காலம் ஊறும் அளவு வேறு.

என்னைக் கேட்டால், சாப்பிடும் மாத்திரைகளைச் சொல்லாமல் விடுவதுதான் பெரிய தவறு. அலர்ஜி மாத்திரை, மனச்சோர்வு மருந்து, சில பிரஷர் மாத்திரைகள் வாயை உலர்த்திவிடும். வயதானவர்களுக்கு இது இரட்டை ஆபத்து. பல்லின் கடினமான மேலுறையான எனாமல் பிஎச் 5.5 வாக்கில் கரையத் தொடங்கும். வயதாகும்போது ஈறு இறங்கி வெளியே தெரியும் வேர்ப்பகுதியோ, அமிலம் அதைவிடக் குறைவாக இருக்கும்போதே, 6-க்கு மேலேயே கரையும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் மாற்று உண்டா என்று கேளுங்கள்.

கிருமி குறைவு என்று ரிப்போர்ட் வந்ததும் நிம்மதியாகிவிடுவதும் தவறுதான். இனி சொத்தை வருமா என்பதற்கு, ஏற்கெனவே வந்த சொத்தையைவிட நல்ல அடையாளம் எந்தச் சோதனையிலும் இல்லை. ஒரே வருடத்தில் குழந்தைக்கு இரண்டு பல் புதிதாகச் சொத்தையானால், எச்சில் எப்படி இருந்தாலும் ஆபத்து அதிகம்தான். ஈறை ஒட்டி, பல்லில் சுண்ணாம்பு போல வெள்ளைத் திட்டு தெரிந்தால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். அது சொத்தையின் ஆரம்பமாக இருக்கலாம். அப்போதே பல்லை உறுதியாக்கும் ஃப்ளூரைடு வார்னிஷை டாக்டர் பூசினால் பல பற்களில் துளை விழாமலே தடுத்துவிடலாம்.