"நல்ல க்ரைம் நாவல் ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டால்

கேட்டவுடன் ஒரு பெயரைச் சொல்லிவிடாதீர்கள். நூலக மேசையிலும் புத்தகக் கடையிலும் பரிந்துரை தவறிப்போக முக்கியக் காரணம், நமக்குப் பிடித்ததை அவர் கையில் திணிப்பதுதான். முதலில் அவரிடம் கேளுங்கள்: "கடைசியா எந்தப் புத்தகத்தைக் கீழே வைக்க மனசில்லாமப் படிச்சீங்க? அதுல எது பிடிச்சுது?" இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் வேண்டிய எல்லாம் இருக்கிறது.

ஏனென்றால் 'க்ரைம்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று விதமான ஆட்கள் வருகிறார்கள். யார் செய்தது என்று எழுத்தாளரோடு போட்டி போட்டுக் கண்டுபிடிக்க நினைப்பவருக்குத் துப்பறியும் கதை வேண்டும். குற்றவாளி யாரென்று தெரிந்தாலும் கவலையில்லை, அடுத்து என்ன நடக்குமோ என்று பதற வேண்டும் என்பவருக்கு த்ரில்லர். ஒரு மனிதன் ஏன் அந்த நிலைக்குப் போனான் என்று யோசிப்பவர் மூன்றாம் வகை. அவரிடம் பக்கத்துக்குப் பக்கம் திருப்பம் வரும் நாவலைக் கொடுத்தால் பாதியில் திரும்பி வந்துவிடும்.

ஓர் உதாரணம். "கணேஷ்-வசந்த் எல்லாம் முடிச்சாச்சு, அடுத்து என்ன?" என்று ஒருவர் வருகிறார். 1968இல் குமுதத்தில் சுஜாதாவின் 'நைலான் கயிறு' தொடராக வந்தபோது அறிமுகமான வக்கீல் கணேஷிடமும், பின்னால் வந்து சேர்ந்த வசந்திடமும் அவருக்கு எது ஒட்டிக்கொண்டது? இரண்டு பேரின் பேச்சு, கிண்டல் என்றால் சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா பக்கம் அழைத்துப் போகலாம். கோர்ட்டும் குறுக்கு விசாரணையும் என்றால் தேவனின் 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்'. பழைய நடைதான், ஆனால் ஒரு கொலை வழக்கை நீதிமன்றத்துக்குள் வைத்தே நகர்த்துவது அது. அறிவியல்தான் பிடித்தது என்றால் துப்பறியும் வரிசையையே விட்டு சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை எடுத்துக் கொடுங்கள். ஒரே கேள்விக்கு மூன்று அலமாரிகள்.

ஆசிரியர் பெயரை மட்டும் சொல்வது பரிந்துரையாகாது. ராஜேஷ்குமார் 1,500க்கும் மேல் நாவல்கள் எழுதியவர். "ராஜேஷ்குமார் படிங்க" என்றால் வாசகர் எங்கே தொடங்குவார்? தலைப்பைச் சொல்லுங்கள், ஒரு வரியில் காரணத்தையும் சொல்லுங்கள். "ரெண்டு தனிக்கதை மாத்தி மாத்திப் போகும், எங்க சேரப்போகுதுன்னு யோசிச்சிட்டே படிப்பீங்க" என்பது காரணம். "சூப்பரா இருக்கும்" என்பது காரணமல்ல.

அடுத்து, எதைத் தவிர்க்க வேண்டும் என்று கேட்பது. "எது வந்தா புத்தகத்தை மூடிடுவீங்க?" என்று இயல்பாகக் கேட்டுவிடலாம். குழந்தைகள் மீதான கொடுமை, பாலியல் வன்முறை, தற்கொலை இந்த மூன்றும் புத்தகத்தில் இருந்தால் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள். அதைச் சொல்வதால் கதை கெட்டுப்போகாது. ஆஸ்பத்திரியில் உடனிருப்பவருக்கோ, வீட்டில் சாவு நடந்து கொஞ்ச நாளே ஆனவருக்கோ என்று தெரிந்தால் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

கதையைக் கெடுப்பது வேறொரு வரி: "கடைசியில ஒரு ட்விஸ்ட் இருக்கு பாருங்க!" ட்விஸ்ட் என்னவென்று சொல்லவில்லையே என்று நினைப்போம். ஆனால் அதைக் கேட்டவர் முதல் பக்கத்திலிருந்தே எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டு படிப்பார், முடிவு வரும்போது அசராமல் இருப்பார். அலமாரியில் ஒட்டும் சிறு அட்டைக்கும் இதே விதி. முப்பது நாற்பது சொற்கள் போதும். கதையின் முதல் பத்தில் ஒரு பங்கைத் தாண்டி எதையும் எழுதக்கூடாது. பேய் வேலையா, அறிவியல் வேலையா என்று கணேஷும் வசந்தும் முட்டி மோதும் 'கொலையுதிர் கால'த்துக்கு அந்தக் கேள்வியை எழுதுவதோடு நிறுத்திவிட வேண்டும். பதில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கோடி காட்டினாலும் புத்தகம் பாழ்.

புதிதாக வந்த நாவல்களுக்கு வேறு வழி வேண்டும். ஜனவரி புத்தகக் காட்சிக்கு வந்து குவியும் எல்லாவற்றையும் ஒருவர் படித்துத் தீர்க்க முடியாது. முதல் 30 பக்கம், நடுவில் 20 பக்கம், பிறகு கடைசி அத்தியாயம். கடைசி அத்தியாயத்தைப் பார்ப்பது வாசகருக்குக் குற்றம், பரிந்துரைப்பவருக்குக் கடமை. முன்பு எங்குமே தலைகாட்டாத ஆள் திடீரென்று வந்து கொலைகாரனாக நிற்கிறானா என்று அங்கேதான் தெரியும். மொழிபெயர்ப்பு என்றால் உரையாடல் உள்ள ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். மனிதர் பேசுவதுபோல் இல்லாவிட்டால் மூலம் எவ்வளவு புகழ் பெற்றதாக இருந்தாலும் கொடுக்காதீர்கள். வரிசை நாவலா, மூன்றாம் புத்தகம் முதல் புத்தகத்தின் ரகசியத்தைப் போகிற போக்கில் உடைக்கிறதா என்றும் பார்த்து, வேகம், வன்முறை, நீளம், யாருக்குப் பொருந்தும் என்று நோட்டில் நான்கு வரி எழுதி வையுங்கள்.

நகைச்சுவைதான் இருப்பதிலேயே கடினம். க்ரைம் நாவல் சுமாராக இருந்தாலும் முடிவு தெரிய வேண்டுமே என்று படித்துவிடுவார்கள். சிரிப்பு வராத நகைச்சுவை நாவலை பத்துப் பக்கம்கூடத் தாங்க முடியாது. அதனால் முதல் தடவை பெரிய நாவல் வேண்டாம், தனித்தனியாகப் படிக்க முடிகிறதைக் கொடுங்கள். க்ரைம் வாசகரைச் சிரிப்புப் பக்கம் இழுக்க தேவனின் 'துப்பறியும் சாம்பு'வைப் போல வாகான பாலம் தமிழில் இல்லை. ஊரே அசடு என்று ஒதுக்கிய ஒருவர் உளறுவதும் தடுக்கி விழுவதுமே துப்பாக மாறி, இன்ஸ்பெக்டர் கோபாலன் அவரை மேதை என்று நம்பிவிடுகிறார். ஒரு கதை பிடிக்கவில்லையென்றால் அடுத்ததற்குத் தாவலாம். இளம் வாசகர் என்றால் 1940களின் நடை பழக நாலைந்து பக்கம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டுச் சண்டையில் சிரிப்பவருக்கு பாக்கியம் ராமசாமியின் அப்புசாமி-சீதாப்பாட்டி, ஊர் கூடிச் செய்யும் அமர்க்களத்தில் சிரிப்பவருக்கு சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்'. சந்தேகமாக இருந்தால் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து அங்கேயே படிக்கச் சொல்லி முகத்தைப் பாருங்கள்.

கையில் கொடுப்பது மூன்று புத்தகம். ஒன்று கேட்டதற்கு மிக நெருக்கம், ஒன்று கொஞ்சம் தள்ளி, ஒன்று அவர் எதிர்பார்க்காதது. ஐந்தாறு கொடுத்தால் குழம்பி ஒன்றையும் எடுக்காமல் போவார். பிடிக்காவிட்டால் நிறுத்திவிட அனுமதியும் சேர்த்துக் கொடுங்கள். அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் சொன்ன கணக்கு உதவும்: 50 பக்கம் படித்துப் பார், ஒட்டவில்லையென்றால் விட்டுவிடு, வயது 50ஐத் தாண்டினால் 100இலிருந்து வயதைக் கழித்து வரும் பக்கங்கள் போதும். வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்று 1931இலேயே நூலகவியலின் ஐந்து விதிகளில் ஒன்றாக எழுதிவைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன்.

திரும்பி வரும்போது "பிடிச்சுதா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு "நல்லாருந்துது" என்பார். "எந்தப் பக்கம் வரைக்கும் போனீங்க?" என்று கேளுங்கள். இருபதில் நின்றிருந்தால் நடை ஒட்டவில்லை. நூற்றைம்பதில் நின்றிருந்தால் வேகம் போதவில்லை. முழுக்க முடித்துவிட்டு முகம் சுளித்தால் முடிவில்தான் கோளாறு, அவருக்கு அடுத்து எல்லா முடிச்சும் ஒழுங்காக அவிழ்கிற கதையாகப் பார்த்து எடுங்கள். ஒரே இரவில் முடித்தேன் என்றால் அந்த எழுத்தாளரின் இன்னொன்றை உடனே கையில் கொடுத்துவிடலாம்.