வெளிநாட்டு வேலைக்கு காசு கட்ட முதல் 1989க்கு ஒரு கோல் எடுங்க

டுபாய், கட்டார், ருமேனியா எண்டு வேலைக்கு போக ஏஜென்சி ஏறி இறங்குற தம்பி தங்கச்சிமாருக்குத்தான் இது. கொழும்பு மருதானையில போர்ட் போட்டிருக்கு, ஒபீஸ்ல ஏசி இருக்கு எண்டு நம்பி பாஸ்போர்ட்டையும் அட்வான்ஸையும் குடுத்துடாதீங்க. முதல்ல லைசன்ஸ் நம்பர கேளுங்க, இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்பு பணியகத்தின்ட 1989 ஹொட்லைன் நம்பருக்கு எடுத்து அந்த லைசன்ஸ் இப்பவும் செல்லுபடியாகுதா எண்டு கேளுங்க, அதோட விடாம நீங்க போற அந்த வேலைக்கும் அந்த நாட்டுக்கும் அனுமதி எடுத்திருக்காங்களா எண்டும் கேளுங்க, ஏனெண்டா லைசன்ஸ் வேற இது வேற, இந்த இடத்திலதான் நிறைய பேர் மாட்டுறாங்க.

"விசிட் விசால போங்க, அங்க போய் மாத்திக்கலாம்" எண்டு சொன்னா எழும்பி வந்துடுங்க. தாய்லாந்தில கம்ப்யூட்டர் வேலை எண்டு போய் மியன்மார் சைபர் மோசடி முகாம்கள்ல அடைபட்ட எங்கட நாட்டு பிள்ளைகள நினைச்சா இன்னும் மனசு பதறுது.

காசு குடுத்தா ரசீது கட்டாயம் வாங்குங்க. வேலை ஒப்பந்தத்த சம்பளம், வேலை நேரம், லீவு எல்லாம் வாசிச்சு விளங்கி சைன் வைங்க, விளங்காட்டி தமிழ்ல சொல்ல சொல்லி கேளுங்க, வெக்கப்படாதீங்க. பணியகத்தில பதிஞ்சிட்டுத்தான் ப்ளைட் ஏறணும், பதிஞ்சாத்தான் இன்சூரன்ஸும் இருக்கு. எல்லாத்தையும் போட்டோ எடுத்து வீட்டு ஆளுக்கு வட்ஸ்அப்ல அனுப்பி வைங்க.