உப்புக் கழிவுநீரில் பாக்டீரியா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் 40 சதவீதம் வரை உப்பிட்டு வைப்பது வழக்கம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பகுதித் தோல் ஷாப்புகளில் (தோல் பதனிடும் ஆலைகளில்) அந்தத் தோலை முதலில் தண்ணீரில் ஊறவைக்கும்போது உப்புடன் ரத்தம், சாணம், கரைந்த புரதம் ஆகியவையும் சேர்ந்து வெளியேறுகின்றன. இந்த ஊறல் நீரில் சாதாரணச் சாக்கடை நுண்ணுயிரிகள் தாக்குப்பிடிப்பதில்லை. உப்புத் தாங்கும் பாக்டீரியா தாக்குப்பிடிக்கும். அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் சேர்ந்து 2005ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், லிட்டருக்கு 34 கிராம் உப்புள்ள ஊறல் நீரை 5 நாள் தங்கவைத்து, அதன் சிஓடி அளவை (கரிம அழுக்கை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவை) 95 சதவீதம் குறைத்துக் காட்டினர். முறை நல்லதுதான். நடைமுறையில் அது தோற்பதற்குப் பெரும்பாலும் பாக்டீரியாவைக் குறைசொல்ல முடியாது.

முதல் தவறு, பாக்டீரியா உப்பை நீக்கிவிடும் என்று நம்புவது. அது தின்பது கரிமப் பொருளை மட்டுமே. உள்ளே வந்த 34 கிராம் உப்பு ஏறக்குறைய அப்படியே வெளியே போகும். ஆகவே ஆவியாக்கும் பாத்தியோ, சவ்வு வழியே உப்பை வடிக்கும் ஆர்.ஓ.வோ இதற்குப் பிறகும் தேவை. சவ்வு அடைபடுவதும் பாத்தியின் நாற்றமும் குறையும் என்பதே இங்கு கிடைக்கும் ஆதாயம். தெளிந்து நாற்றமின்றி வருகிறது என்பதற்காக அந்த நீரைத் தென்னைக்குப் பாய்ச்சினால் சோடியம் மண்ணை இறுக்கிவிடும். பாலாற்றுப் படுகையில் கிணற்று நீரும் நிலமும் கெட்டதனால்தான் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு வந்தது என்பதை அப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள்.

உப்பு அதிகமாக இருப்பதைவிட அது ஏறி இறங்குவதே பாக்டீரியாவுக்குப் பெரிய கேடு. வெளியிலுள்ள உப்புக்கு ஈடாக எக்டோயின், கிளைசின் பீட்டைன் போன்ற கரைபொருட்களைத் தன் செல்லுக்குள் சேர்த்து வைத்துத்தான் அது நீரிழப்பைத் தடுத்துக்கொள்கிறது. வெளியே உப்பு திடீரெனக் குறைந்தால் தண்ணீர் உள்ளே பாய்கிறது. சேர்த்ததை அவசரமாக வெளியேற்ற முடியாத செல் வெடிக்கிறது. தொட்டியில் நுரை பொங்கும், கசடு படியாது, வெளிவரும் நீர் கலங்கும். கூரையில்லாத தொட்டியில் வடகிழக்குப் பருவமழை ஒரே இரவில் இதைச் செய்துவிடும். முதல் ஊறலின் அடர்ந்த நீரையும் இரண்டாம் ஊறலின் நீர்த்த நீரையும் மாறி மாறித் திறந்துவிடுவதும் அதே விளைவைத்தான் தரும். இரண்டையும் சமப்படுத்தும் தொட்டியில் கலந்து, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனைத் தினமும் பார்த்த பிறகே உள்ளே விட வேண்டும். தொட்டியில் பாக்டீரியாவைத் தொடங்கிவைக்கும் விதைக்குக் கடையில் விற்கும் பாக்டீரியாத் தூள் பாக்கெட்டைவிட, ஊறல் தொட்டியின் அடிக்கசடோ உப்பளச் சேறோ நம்பகமானது. சாக்கடைக் கசடு மட்டுமே கிடைத்தால், உப்பைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் செயல்பாடு நிலைப்பட்ட பின்னரே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

அதிகம் பேசப்படாத தவறு ஆய்வுக்கூடத்தில் நடக்கிறது. சிஓடி சோதனையில் சேர்க்கும் டைகுரோமேட், உப்பிலுள்ள குளோரைடையும் ஆக்சிஜனேற்றி, அதையும் அழுக்காகவே கணக்கில் சேர்த்துவிடும். வழக்கமான செய்முறை லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் குளோரைடு வரைக்கும்தான் பொருந்தும். 34 கிராம் உப்பில் குளோரைடே 20,000 மில்லிகிராமைத் தாண்டும். மாதிரியை நீர்க்கச்செய்து, குளோரைடைப் போல் பத்து மடங்கு எடையில் பாதரச சல்பேட் சேர்க்காவிட்டால், வெளிவரும் நீரின் எண்ணும் உயர்ந்தே தெரியும். அதைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு மூட்டை தூள் கொட்டுகிறவர்கள் உண்டு. அழுக்கைத் தின்ன நுண்ணுயிரிகள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனை அளக்கும் பிஓடி சோதனை இதற்கு நேர்மாறாக ஏமாற்றும்: புட்டியில் இடும் சாக்கடை விதை உப்பில் செயலிழப்பதால் எண் குறைவாக வரும், எல்லாரும் மகிழ்வார்கள். கசடின் எடையைப் பார்க்கும்போதும் கவனம் தேவை. வடிதாளில் காயும் உப்பு எடையோடு சேர்ந்துவிடும். அதைப் போக்க வெறும் தண்ணீரில் கழுவினாலோ செல்கள் வெடித்து எடை குறைந்துவிடும். சூட்டில் ஆவியாகிவிடும் அம்மோனியம் ஃபார்மேட் கரைசலில் கழுவுவதே சரி.

உப்பு கூடக் கூட நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். 30 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு சுமார் 7.5 மில்லிகிராம் கொள்ளும், கடல்நீர் சுமார் 6.2 மட்டுமே. ஆக்சிஜன் மீட்டரில் உப்புத் திருத்தம் செய்யாமல் அளப்பவர்களுக்கு இது தெரியாமலே போகும்.

உப்புநீரில் கழிவாகும் சத்துகளை மீட்பதற்கு இறால் குளம் நல்ல களம். அங்கே அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா ஒரு கிராம் நைட்ரஜனுக்கு 0.2 கிராம் உயிர்ப்பொருளையே தரும். சர்க்கரையைத் தின்று வளரும் பாக்டீரியா சுமார் 8 கிராம் தரும். வெல்லப்பாகு ஊற்றி வளர்க்கும் அந்தத் திரளையே வனாமி இறால் தின்கிறது. வீணாகப் போகவிருந்த நைட்ரஜன் தீவனமாகத் திரும்பிவிடுகிறது. ஆனால் அதே ஒரு கிராமுக்கு 4.7 கிராம் ஆக்சிஜனும் செலவாகும் என்பதால், காற்றூட்டத்தைக் கூட்டாமல் பாகை மட்டும் கூட்டினால் விடியற்காலையில் இறால் மேலே வந்து தவிக்கும். ஜெனரேட்டர் இல்லாத பண்ணையில் இதைத் தொடங்கவே கூடாது. கூம்புக் குடுவையில் படியவிட்டுப் பார்த்து, லிட்டருக்கு 15 மில்லிலிட்டரைத் தாண்டும் திரளை வெளியே எடுத்துவிட வேண்டும். தோல் ஷாப் கசடுக்கு இந்த வழியைப் பின்பற்றக் கூடாது: குரோமியம் சேர்த்துத் தோல் பதனிட்ட நீர் ஒருமுறை கலந்திருந்தாலும் அதைத் தீவனத்துக்கோ எருவுக்கோ கொடுக்கக் கூடாது.