ஜப்பானில் பைக் ஓட்ட வேண்டுமா? சேலத்திலேயே தொடங்குங்கள்

என் சித்தி மகன் வருகிற தை மாதம் ஜப்பானுக்கு வேலைக்குப் போகிறான். ஆடித் திருவிழாவுக்காகச் சேலம் அம்மாப்பேட்டை வீட்டுக்கு வந்த அன்றே, “லைசென்ஸ் எடுத்துவிட்டாயா?” என்று அவனிடம் கேட்டேன். “கிளம்புகிற சமயத்தில் எடுத்துக்கொள்ளலாம் அக்கா” என்றான். அன்று மாலையே உட்காரவைத்து எல்.எல்.ஆருக்கு விண்ணப்பிக்கச் செய்தேன். அவனைப் போலப் புறப்பட இருக்கும் மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் ஹமாமட்சுவில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஹோண்டா நிறுவனம் பிறந்த ஊர் அது. சுசூகியின் தலைமையகமும் அங்கேதான். ஆனால் இரவு ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் பஸ் கிடையாது. பைக் இருந்தால்தான் வாழ்க்கை நடக்கும்.

இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவர் அதை ஜப்பானிய லைசென்ஸாக மாற்றிக்கொள்ளலாம். அந்த முறைக்கு ‘கைமென் கிரிகாயே’ என்று பெயர். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: லைசென்ஸ் வழங்கப்பட்ட தேதிக்குப் பிறகு, மொத்தம் மூன்று மாதமாவது நீங்கள் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைகளை வைத்து நாள் கணக்குப் பார்ப்பார்கள். என்னுடன் வேலை செய்யும் நாமக்கல் பெண் ஒருத்தி, லைசென்ஸ் வாங்கி நாற்பதாவது நாள் விமானம் ஏறிவிட்டாள். மாற்ற முடியவில்லை. அங்கே பயிற்சிப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்தாள். கார் லைசென்ஸும் இல்லாதவர் 400 சிசி வரையிலான கியர் பைக்குக்கு 19 மணி நேரம் வண்டிப் பயிற்சியும் 26 மணி நேரம் வகுப்பும் முடிக்க வேண்டும். அவ்வளவும் ஜப்பானிய மொழியில், ஷிப்ட் வேலைக்கு நடுவில். அவள் பட்ட சிரமத்தைப் பக்கத்திலிருந்து பார்த்ததால்தான் தம்பியை இப்படி விரட்டினேன்.

கணக்கு இதுதான். ஆடிக் கடைசியில் எல்.எல்.ஆர்.; 30 நாள் கழித்து, ஆவணிக் கடைசியில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ‘எட்டு’ போட்டுக் காட்ட வேண்டும். அங்கிருந்து மூன்று மாதம் எண்ணினால் கார்த்திகை முடிந்துவிடும். மார்கழி ஒரு மாதம் கையிருப்பு. எட்டில் ஒருமுறை தவறினால் அந்தக் கையிருப்பும் கரையும்.

அட்டை கைக்கு வந்ததும் இரண்டு வேலைகள். முதலில், லைசென்ஸ் முதன்முதலாக வழங்கப்பட்ட தேதி அட்டையில் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். புதுப்பித்த அட்டை என்றால் கூடுதல் கவனம் தேவை. அந்தத் தேதி இல்லாவிட்டால் பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்து ஆர்.டி.ஓ.விடமிருந்து லைசென்ஸ் விவரச் சான்று, அதாவது டி.எல். எக்ஸ்ட்ராக்ட் வாங்கிவிடுங்கள். அடுத்தது சர்வதேச ஓட்டுநர் அனுமதி. பாஸ்போர்ட், விசாவோடு அதே அலுவலகத்தில் வாங்கலாம். மோட்டார் சைக்கிளுக்கான ‘ஏ’ பிரிவில் முத்திரை விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பிரித்துப் பார்த்துவிடுங்கள். ஜப்பானில் இறங்கிய நாளிலிருந்து அதிகபட்சம் ஓராண்டு அதை வைத்து ஓட்டலாம். ஓராண்டு முடியும்போது பொங்கலுக்கு ஊருக்கு வந்து புதிய அனுமதி வாங்கிச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அங்கே குடியிருப்பவர் ஜப்பானை விட்டுக் கிளம்பி மூன்று மாதத்துக்குள் திரும்பிவிட்டால் புது அனுமதி செல்லாது. ஆகவே அந்த முதல் ஆண்டுக்குள்ளேயே லைசென்ஸை மாற்றிவிடுங்கள்.

லைசென்ஸை மாற்றும்போது அங்கே கேட்கும் காகிதங்கள்: லைசென்ஸ், பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை, நகராட்சி தரும் ‘ஜூமின்ஹியோ’ என்ற குடியிருப்புப் பதிவுச் சான்று, புகைப்படம், லைசென்ஸின் ஜப்பானிய மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பை ஜப்பான் ஆட்டோமொபைல் ஃபெடரேஷன் செய்து தரும். முன்பதிவுக்குப் பல வாரம் காத்திருக்க நேரலாம். நம் அட்டையில் சிசி கணக்கு இல்லாததால், எந்த வகைக்கு மாற்றித் தருவார்கள் என்பதை முன்பதிவின்போதே கேளுங்கள். 125 சிசி வரையிலான வண்டி அதிவேக நெடுஞ்சாலையில் ஏறக்கூடாது; 400 வரை சாதாரண வகை; அதற்கு மேல் பெரிய வகை. ஊரில் எங்கே, எந்த வண்டியில், எப்படித் தேர்வு கொடுத்தீர்கள் என்றும் உட்காரவைத்துக் கேட்பார்கள். எட்டுப் போட்ட நாளை நினைவில் வைத்திருங்கள்.

எழுத்துத் தேர்வு கடினமாகிவிட்டது. நான் எழுதியபோது 10 கேள்விகள். 7 சரியாக இருந்தால் போதும். 2025 அக்டோபர் முதல் 50 கேள்விகள். 45 சரியாக இருக்க வேண்டும். நான் ஆங்கிலத்தில் எழுதினேன். ஒரு மாதம் உட்கார்ந்து படித்தால் முடியும்.

வண்டித் தேர்வுதான் ஆளைத் திருப்பி அனுப்பும். இரண்டு முறை தவறி, மூன்றாவது முறையில்தான் நான் தேறினேன். முதல் முறை என்னைக் கீழே இறக்கியது ‘இப்போன்பாஷி’, ஒற்றைப் பாலம். 15 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், ஒரு கட்டைவிரல் உயரம். சாதாரண வகைக்கு அதன்மேல் குறைந்தது ஏழு விநாடி ஓட்டிக் கடக்க வேண்டும். சீக்கிரம் கடந்தால் மதிப்பெண் குறையும். சக்கரம் கீழே இறங்கினால் அந்த நொடியே தேர்வு முடிந்தது. வண்டியோ ஏறத்தாழ 200 கிலோ எடையுள்ள ஹோண்டா சிபி400.

இதைத் தம்பிக்கு எப்படிப் புரியவைப்பது? எங்கள் தெரு, தாத்தா காலத்தில் தறிக்குப் பாவு நூல் நீட்டிய தெரு. நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கும். விடியற்காலை அம்மாவின் கோலமாவு டப்பாவை எடுத்துவந்து, ஒரு சாண் கொஞ்சம் தாண்டிய இடைவெளியில் இரண்டு கோடுகள் இழுத்தேன். ஐந்து வீட்டு வாசலைத் தொட்டது. அப்பாவின் ஸ்ப்ளெண்டரில் எல் போர்டு ஒட்டி அவனை ஏற்றினேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து உரக்க எண்ணினாள். முதல் தடவை “மூன்று” என்பதற்குள் முன்சக்கரத்தில் மாவு ஒட்டிவிட்டது. அவன் பார்வை சக்கரத்தின்மேலேயே இருந்தது. அதுதான் பிழை. கோடு முடியும் இடத்தில் நிற்கும் மின்கம்பத்தைப் பார்க்கச் சொன்னேன். முதல் கியரில் தயங்காமல் உள்ளே நுழைய வேண்டும். பயந்து மெதுவாக ஏறினால் ஏறும்போதே வண்டி ஆடும். ஏறிய பிறகு கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை மிதித்தும் மிதிக்காமலும் வைத்து, இரண்டு முழங்காலாலும் டேங்கை இறுக்கிக்கொள்ள வேண்டும். கை தளர்ந்திருக்கட்டும். நான்காம் நாள் அம்மா “எட்டு” என்று சொன்னபோதுதான் அவன் கோட்டை விட்டு வெளியே வந்தான்.

இரண்டாவது முறை நான் தவறியது ‘தோமாரே’ பலகையில். தலைகீழாக நிற்கும் சிவப்பு முக்கோணம்; நில் என்று பொருள். வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் சக்கரம் முழுதாக நின்றே ஆக வேண்டும். நான் வேகத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் பார்த்து, யாருமில்லை என்று உருட்டிவிட்டேன். சேலத்தில் ஐந்து ரோட்டிலும் குரங்குச்சாவடியிலும் பல வருடம் ஓட்டிய பழக்கம். கண்காணிப்பாளர் ஒலிபெருக்கியில் கூப்பிட்டுவிட்டார்.

நின்றால் இடது காலைத்தான் ஊன்ற வேண்டும். வலது கால் பின் பிரேக்கிலேயே இருக்கும். நாம் இரண்டு காலையும் தொங்கவிடுகிறோம். திரும்புவதற்கு 30 மீட்டர் முன்பே இண்டிகேட்டர் போட வேண்டும். கண்ணாடியில் பார்ப்பது போதாது. தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்ப்பது கண்காணிப்பாளருக்குத் தெரிய வேண்டும். 100 மதிப்பெண்ணில் தொடங்கிக் கழித்துக்கொண்டே போவார்கள். 70க்குக் கீழே போனால் தோல்வி. முழுக்கைச் சட்டை, கையுறை, கணுக்காலை மூடும் ஷூ எல்லாம் அணிந்து போங்கள்.

லைசென்ஸ் வந்த பிறகு தம்பியை ஏற்காட்டுக்கு அழைத்துப்போகச் சொல்லி மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். எல் போர்டோடு மலை ஏறவே கூடாது. கூட்டமில்லாத வார நாள் காலையில் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் நிதானமாக ஏறி இறங்கட்டும். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே கியரைக் குறைத்து, பார்வையை வளைவு முடியும் இடத்துக்கு அனுப்பப் பழகினால், அங்கே தேர்வுத் திடலில் வரும் எஸ் வளைவும் செங்கோணத் திருப்பமும் கைக்கு அடங்கும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். வளைவில் ஹாரன் அடியுங்கள். ஜப்பானுக்குப் போனபின் அந்த விரலை ஹாரனிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பெட்டி கட்டும்போது பழைய பாஸ்போர்ட் இருந்தால் அதையும், விவரச் சான்றையும், லைசென்ஸோடு சேர்த்துக் கைப்பையில் வையுங்கள். விமான நிலையத்தில் புறப்படும் முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் பாருங்கள்.